என் பெயரை அவளுக்குச் சூட்டாதே

மயூரன் ராசா,

இதை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய், எனக்குத் தெரியும். சனிக்கிழமைக் காலைகளில் கால்பந்துக்குப் போக நின்ற உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனபோது, எங்கள் ரொம்சோஸ் ஸ்டேஷன் வாசலில் குந்திக்கொண்டு "எனக்கேன் அம்மா இந்த எழுத்தெல்லாம்?" என்று அழுதாயே, இதற்காகத்தான். கலியாணத்துக்கு முன் உனக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதை நோர்வேஜிய மொழியில் சொல்ல எனக்கு வராது. நேரில் சொல்ல வெளிக்கிட்டால் "ஓகே அம்மா, ஓகே, விளங்குது" என்று பாதியிலேயே என் வாயை அடைத்துவிடுவாய். தாரணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. வடக்குத் தொங்கலில் ஹம்மர்பெஸ்டில் பனிக்கும் மீனுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு உன்னைவிட நல்ல தமிழ் தெரியும். உனக்கு முட்டுப்படும் இடங்களில் அவள் உதவுவாள்.

விஷயம் இதுதான். கலியாணத்துக்குப் பிறகு தாரணியும் என் பெயரைத் தன் கடைசிப் பெயராக வைக்கவேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய். உன் வீட்டுக் கதவில் ஒரே பெயர் இருக்கவேண்டும், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் அதே பெயர் வரவேண்டும் என்று போன மாதம் சொன்னாய். அதைச் செய்யாதே என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நீ எனக்குச் செய்ததற்கு இது நன்றிகெட்ட பேச்சு மாதிரிக் கிடக்கும். அதனால் முதலில் என் நன்றியைச் சொல்லவேண்டும். அதைச் சொல்ல, நான் உனக்கு இதுவரை சொல்லாத பாதிக் கதையையும் சொல்லவேண்டும்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர், அதோடு நம் பெயர், அவ்வளவுதான். பெண் கலியாணம் செய்தால் அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் புருஷனின் பெயர் வந்து குந்திக்கொள்ளும். ஊரில் அது ஒரு பெரிய விஷயமாகத் தெரிவதில்லை, வாயால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. இங்கே வந்தால் பாஸ்போர்ட், வங்கி, தபால் பெட்டி, வேலைச் சட்டையில் குத்துகிற அட்டை எல்லாவற்றிலும் அதுதான் முன்னுக்கு நிற்கிறது. என்னோடு வேலை செய்கிற நோர்வேக்காரிகளுக்குப் புருஷன் வழியில் வந்த பெயர் என்றால் அது ஏதோ ஒரு பண்ணையின் பெயராக, ஒரு மலைச்சரிவின் பெயராக இருக்கும். பிரிந்த பிறகும் வைத்திருப்பார்கள். மலைச்சரிவோடு யாருக்கு என்ன கோபம்? எனக்கு வாய்த்தது உன் அப்பாவைப் பெற்ற தாய் ஆசையாக வைத்துக் கூப்பிட்ட பெயர். நாங்கள் பிரிந்தபோது நீ சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகும் நான் வருஷக்கணக்காகத் திருமதி பாலேந்திரன்தான்.

ஏன் அப்போதே மாற்றவில்லை என்று நீ ஒருமுறை கேட்டாய். நான் "ஆர் உந்தக் கந்தோருகளுக்கு அலையிறது" என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையான காரணம் நீதான். பெற்றோர் கூட்டத்தில் உன் வாத்தியார் பட்டியலைப் பார்த்து மயூரன் பாலேந்திரன் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். என் அட்டையிலும் அதே பெயர். இந்தப் பிள்ளை இந்த மனுசியுடையது என்று யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இந்த நாட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொந்தம் நீ. உன்னையும் என்னையும் காகிதத்தில் சேர்த்து வைத்திருந்தது அந்தப் பெயர். பிடிக்காத சட்டையானாலும் குளிருக்குப் போட்டுக்கொண்டுதானே திரிகிறோம்.

பிறகு ஒருநாள் கண் வைத்தியரிடம் போனேன். நீ அப்போது ட்ரொண்ட்ஹைமில் படித்துக்கொண்டிருந்தாய். காத்திருக்கும் இடத்தில் எனக்கு எதிர்க் கதிரையில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். பார்த்த முகம். யாரென்று தெரியும், அவளுக்கும் என்னைத் தெரியும். இரண்டு பேரும் மிகவும் கவனமாகக் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாதி வந்து எங்கள் முதற்பெயர்களோடு மல்லுக்கட்ட மனமில்லாமல் "பாலேந்திரன்!" என்று கூப்பிட்டாள். நானும் எழும்பினேன், அவளும் எழும்பினாள். உன் அப்பா மறுகலியாணம் செய்த பெண்தான்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் "நீங்கள் போங்கோ அக்கா" என்றாள். நான் "இல்லை இல்லை, நீங்கள் போங்கோ" என்றேன். கலியாண வீட்டுப் பந்தியில் உபசாரம் செய்கிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் மாறி மாறிக் கையைக் காட்டிக்கொண்டு நிற்க, தாதி ஒன்றும் விளங்காமல் பிறந்த திகதியைக் கேட்டாள். அது அவளுடைய முறை. நல்ல பெண், போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. திரும்பக் கதிரையில் இருந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு எழும்ப உரிமை உள்ளவள் அவள். நான் ஏன் எழும்பினேன்? வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

இனித்தான் நீ சிரிக்கப்போகிறாய். பெயர் மாற்றுவதென்றால் நீதிமன்றம் என்றுதான் என் மண்டையில் பதிந்திருந்தது. ஊரில் பிறப்புப் பத்திரத்தில் ஒரு சின்னத் திருத்தம் என்றாலும் சமாதான நீதவானிடம் போகவேண்டும், சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும், சட்டத்தரணி வாசலில் காய வேண்டும். வேலையிடத்தில் சாந்தி அக்கா வேறு பயமுறுத்தினா. "எடியே, ஒரு சட்டத்தரணியைப் பிடி. நீ தனியப் போய் நீதவானுக்கு முன்னாலை என்னத்தைக் கதைக்கப் போறாய்?" எனக்கு ரோசம் வந்தது. கலியாணத்தை முடிக்கும்போது எனக்காக வேறு ஆட்கள்தான் கதைத்தார்கள். பிரியும்போதும் வேறு ஆட்கள்தான் கதைத்தார்கள். என் பெயரைப் பற்றியாவது நானே கதைக்கிறேனே என்று நினைத்தேன். கண்ணாடிக்கு முன் நின்று "மதிப்புக்குரிய நீதிபதி அவர்களே" என்று நோர்வேஜிய மொழியில் பாடமாக்கினேன். லீவு எடுத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பத்திரங்கள், மொழிபெயர்ப்புகள், கலியாணப் பதிவு, பிரிவுக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பெரிய ஃபைலில் அடுக்கி, உன் பட்டமளிப்புக்கென்று வாங்கி வைத்திருந்த கோட்டையும் போட்டுக்கொண்டு நகரத்து நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய்விட்டேன்.

வாசலில் பைகளைச் சோதிக்கும் இடத்தில் ஒரு சோமாலியக்காரர் நின்றார். உன்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். உங்கள் வழக்கு எந்த அறையில் என்று கேட்டார். வழக்கு ஒன்றும் இல்லை, என் பெயரைக் கேட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நான் ஃபைலைத் திறந்து, பாடமாக்கியதை நீதிபதி வரும்வரை வைத்திருக்கப் பொறுமையில்லாமல், அவருக்கே சொல்லி முடித்தேன். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அந்த மனுஷன் ஒருக்காலும் சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூட்டிப்போய், அம்மா, இதற்கு நீதிபதியும் வேண்டாம் சட்டத்தரணியும் வேண்டாம், பெயர்ப் பதிவு வரிக் கந்தோரின் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொன்னார். வரி கட்டுகிற இடத்தில் பெயரைத் தருவார்களா என்று கேட்டேன். தருவார்கள், அதற்குக் காசும் வாங்கமாட்டார்கள் என்றார். பிறகு தன் தாயைப் பற்றிச் சொன்னார். அவர்கள் ஆட்களில் பெண் கலியாணம் செய்தாலும் பெயர் மாறாதாம். பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டு, கடைசிவரைக்கும் பிறந்த பெயர்தானாம். "நீங்கள் ஏன் மாற்றினீர்கள்?" என்று சும்மா அறிய ஆசைப்பட்டுக் கேட்டார். யாரும் என்னைக் கேட்டுவிட்டு மாற்றவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என்னிடம் யாரும் கேட்காத அந்தக் கேள்வியைத்தான் உனக்கு நான் தருகிறேன், கடிதத்தில் பின்னுக்கு வருகிறது. அந்த மனுஷனின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பது எனக்கு இன்றைக்கும் குறைதான். பெயருக்காக அலைந்தவள், உதவிய ஆளின் பெயரைக் கேட்கவில்லை பார்த்தாயா.

வீட்டுக்கு வந்து, வரிக் கந்தோரின் இணையப் பக்கத்தைப் பாங்க் ஐடி போட்டுத் திறந்தேன். சோபாவில் இருந்துகொண்டு, தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடலாம் போல அவ்வளவு சுலபமாக இருந்தது. கலியாணத்துக்கு முன்னிருந்த பெயருக்குத் திரும்ப ஒரு விளக்கமும் வேண்டாம். என் அப்பாவின் பெயரை, கார்த்திகேசு என்று எழுதினேன். அனுப்ப விரல் போகவில்லை. உனக்கும் எனக்கும் இனி ஒரே பெயர் இல்லை என்ற நினைப்பு அப்போதுதான் நெஞ்சில் ஏறியது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தால் உன் தாய் என்று சொல்லிக்கொண்டு நான் போய் நின்றால் ஒத்துக்கொள்வார்களா? பைத்தியக்கார யோசனை, உன் விபரத்தில் என் இலக்கம் இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் அழுதேன்.

ஆகவே நீ விடுமுறைக்கு வந்தபோது உன்னிடம் சொன்னேன். ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் வைத்துவிட்டு, நீ இரண்டாவது தரம் போட்டுச் சாப்பிடும்வரைக்கும் காத்திருந்துதான் சொன்னேன். நீ சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டாய். "அப்ப எனக்கு?" என்று மட்டும் கேட்டாய். பிறகு எழும்பி வெளியே போனாய். அடுத்த நாள் ட்ரொண்ட்ஹைமுக்கு வெளிக்கிட்டபோதும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு போனும் இல்லை. உன்னை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன் ராசா. ஒரு பெயருக்காகப் பிள்ளையைத் தொலைத்த விசரி என்று என்னையே திட்டிக்கொண்டு, முதியோர் இல்லத்தில் கிழடுகளுக்குப் பாண் வெட்டிக் கொடுத்துக்கொண்டு திரிந்தேன். உனக்காகப் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஆயத்தமாகவும் இருந்தேன்.

நீ எங்கே போனாய், என்ன செய்தாய் என்று பிறகு நீயே வந்து சொன்னாய். அன்று பின்னேரம் நேரே ஹவுகன்ஸ்டுவாவுக்கு, உன் அப்பாவின் வீட்டுக்குப் போயிருக்கிறாய். வேறு யார் வாயாலும் அவர் கேட்கக்கூடாது என்று, நீயும் அவர் பெயரை விட்டு அம்மாவின் பெயரை எடுக்கப்போவதை அவர் முகத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறாய். அவர் "அம்மான்ரை பேர்தானே, எடு. ஆனா கலியாணக் கார்டிலை என்ரை பேரையும் போடுவியோ?" என்று கேட்டாராம். அவரோடு என்னால் வாழ முடியவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்காக நான் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன். கார்டில் அவர் பெயரை நல்ல பெரிய எழுத்தில் போடு.

அதற்குப் பிறகுதான் நானும் துணிந்து, கார்த்திகேசு என்று எழுதி வைத்திருந்ததை அனுப்பினேன். நீயும் என் அப்பாவின் பெயரை எடுக்கப்போகிறாய் என்றுதான் நான் நினைத்தேன். நீ என் பெயரை எடுத்தாய். திலகவதி. என் சொந்தப் பெயர். அது பெண்ணின் முதற்பெயராச்சே, கடைசிப் பெயராக எப்படி வரும், விளக்கம் தாருங்கள் என்று வரிக் கந்தோரிலிருந்து உனக்குப் பதில் வந்தது. உன் கூட்டாளிகள் இனி ஒரு சட்டத்தரணி வேண்டும் என்றார்கள். நீ தாயைப் போலப் பிடிவாதக்காரன், நானே எழுதுகிறேன் என்றாய். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாய், அது எனக்குப் பாடம். எங்கள் வழக்கத்தில் பெற்றவரின் பெயர் பிள்ளையின் பெயரோடு சேர்ந்து வரும், என்னைப் பெற்றவரின் பெயர் இது. அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எத்தனை சட்டத்தரணிகள் சேர்ந்தாலும் அதைவிட நன்றாக எழுதியிருக்க மாட்டார்கள்.

மயூரன் திலகவதி. உன் புதிய பாஸ்போர்ட்டை நீ என் கையில் தந்த அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை, சமைக்க வேண்டும் என்று எழும்பிப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். எங்கள் பரம்பரையில் எந்தப் பெண்ணின் பெயரும் ஒரு பிள்ளைக்குப் பின்னால் போனதில்லை. என் அம்மாவின் பெயர் எந்தக் காகிதத்திலும் அவவோடு முடிந்துபோனது. எனக்கு அப்படி இல்லாமல் செய்தவன் நீ. நான் உன்னை வளர்த்த கஷ்டம் எல்லாம் அன்றைக்கே தீர்ந்துபோனது. உனக்கு நான் நன்றி சொல்லுகிறேன். தாய் மகனுக்கு நன்றி சொல்லுவதா என்று ஊரில் கேட்பார்கள், கேட்டால் கேட்கட்டும்.

சரி, இப்போது தாரணி. போன கிழமை ஹம்மர்பெஸ்டிலிருந்து அவளுடைய அப்பா எனக்குப் போன் எடுத்தார். மீன் ஆலையில் உரத்துக் கதைத்துப் பழகிய மனுஷன், போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. "சம்மந்தி, குறை நினைக்காதேங்கோ. மாமியின்ரை பேரை மருமகள் வைக்கிறதோ? உப்பிடி ஒரு வழக்கம் உலகத்திலை எங்கையாவது கண்டியளே?" என்றார். நான் "நீங்கள் சொல்லுறது சரி சம்மந்தி" என்றேன். சண்டைக்கு ஆயத்தமாக வந்தவர் திகைத்துப்போய்ச் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். அவர் சொன்ன காரணம் வேறு, என் காரணம் வேறு. அவருக்கு அது ஊர் சிரிக்கும் விஷயம். எனக்கு, இன்னொரு மனுஷரின் பெயருக்கு எழும்பிப் பழகிய கால்கள். நான் உயிரோடு இருக்கிற மனுசி, மலைச்சரிவு இல்லை. நாளைக்கு அவளுக்கும் எனக்கும் ஒரு மனத்தாங்கல் வரலாம், வராமலும் விடலாம். வந்தால் அவள் போகிற இடமெல்லாம் என் பெயரைக் காவிக்கொண்டு திரிய வேண்டுமா? உனக்கு அது பெற்ற தாயின் பெயர். அவளுக்கு அது மாமியின் பெயர்.

நேற்று அவளோடு கூறைச் சேலைக்குச் சட்டை அளவு கொடுக்கப் போன இடத்தில் கேட்டேன். "பிள்ளை, உமக்கு என்ன பேர் விருப்பம்?" என்று. அவள் அளவு நாடா கழுத்தில் கிடக்க என்னைப் பார்த்தாள். "மயூரன் ஆசைப்படுறார் மாமி, எனக்கும் ஓகேதான்" என்றாள். ஆசைப்படுவது யார் என்று நான் கேட்கவில்லை, உமக்கு என்ன விருப்பம் என்றுதான் கேட்டேன் என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது. "என்ரை பேரிலை எனக்கு ஒரு குறையும் இல்லை மாமி. ஆனா உங்களுக்கு மனம் நோகுமெண்டு..." என்றாள். அவள் விட்ட பெருமூச்சு தையல்காரிக்கும் கேட்டிருக்கும். நீ அவளிடம் ஆசையைச் சொன்னாய் மகன், கேள்வியைக் கேட்கவில்லை. நீ கெட்டவன் இல்லை, அன்பு கூடிப்போனால் எங்கள் எல்லாருக்கும் கேட்க மறந்துபோகிறது. வாழ்க்கை முழுக்க உனக்கு இந்த ஒரு புத்திமதிதான் வைத்திருக்கிறேன். வீடு வாங்கினாலும் பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும் முதலில் அவளைக் கேள், கேட்டுவிட்டு அவள் பதில் சொல்லி முடியும்வரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு.

அவளிடம் நான் வேறொன்று கேட்டேன். ரொம்சோஸில் நான் மயூரன்ரை அம்மா. உன் அப்பாவின் ஆட்களுக்கு நான் பாலேந்திரன்ரை பழைய மனுசி. வேலையிடத்தில் "தில்லா" என்று பெயரில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கூப்பிடுகிறார்கள். நீ என் பெயரைப் பாஸ்போர்ட்டில் வைத்திருக்கிறாய், ஆனால் உன் வாயில் நான் அம்மாதான், அது அப்படித்தான் இருக்கவேண்டும். முழுப் பெயரையும் சொல்லி என்னைக் கூப்பிட இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. "என்ரை பேரை நீர் வைக்க வேண்டாம் பிள்ளை, அதாலை என்னைக் கூப்பிடும்" என்றேன். அவள் "ஐயோ மாமி, அம்மா என்னைக் கொன்றுபோடுவா!" என்று சிரித்துவிட்டு, அளவு பார்க்கத் தையல்காரி கொடுத்த மாதிரிச் சட்டையைப் போட்டுப் பார்க்க உள்ளே போனாள்.

நான் வெளியே பை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தையல்காரி யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து "திலகவதி! கொக்கி பூட்டேலாமல் கிடக்கு, ஒருக்கா வாறீங்களோ?" என்று குரல் வந்தது. தையல்காரி போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மருமகளை அவள் கண்டதில்லை. நானும் யாரையோ கூப்பிடுகிறாள் என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். பிறகு "ஓம் பிள்ளை, வாறன்" என்று எழும்பினேன்.

உன்னைப் பெற்ற,
அம்மா